புரையேறி அடங்கிய பிறகு: மூச்சுக்குழாயில் தங்கிவிட்ட வேர்க்கடலை

திண்டிவனத்துத் தாய் (இழையைத் தொடங்கியவர்)

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளை நினைத்து இதை எழுதுகிறேன். உண்ணும்போது குழந்தைக்குப் புரையேறி, முகம் நிறம் மாறி, சற்று நேரத்தில் இருமல் அடங்கி, அது மறுபடியும் விளையாடப் போய்விட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாகவே நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் அப்படி அடங்கிப்போன ஒரு புரைதான், சில வாரங்கள் கழித்து என் மகளை மூச்சுக்குத் தவிக்கும் நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது அவளுக்கு இரண்டு வயது நிறையவில்லை. மல்லாட்டை (வேர்க்கடலை) அறுவடைக் காலம். என் தாய்வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வறுத்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரோ இவள் வாயிலும் இரண்டு பருப்பைப் போட்டிருக்கிறார்கள். துரத்தி வந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்தபடி ஓடியவள் சட்டென்று நின்றாள். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு உடம்பே குலுங்கும்படி இருமினாள். கண்கள் பிதுங்கி, உதடு நீலம் பாரித்தது. என் அம்மா உச்சந்தலையில் தட்டினார், யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள், நான் அவளைத் தூக்கி முதுகைத் தடவினேன். சில நிமிடங்களில் இருமல் குறைந்தது. அழுதாள், பால் குடித்தாள், என் மடியிலேயே தூங்கியும் போனாள்.

மனம் ஒப்பாமல் அன்று மாலையே ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு தெளிவாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓரிரு நாட்கள் அவள் வழக்கம்போலத்தான் இருந்தாள். பின்பு இருமல் தொடங்கியது, இரவில் இளைப்பு வந்தது, இடையிடையே காய்ச்சலும் எட்டிப் பார்த்தது. சளி என்றார்கள்; அப்புறம் வீசிங் என்றார்கள். நெபுலைசர் வைத்தால் சற்றுத் தேறுவாள், மருந்து தீர்ந்ததும் மறுபடியும் இருமுவாள். மருத்துவர்கள் மாறினார்கள், மருந்துச் சீட்டுகள் சேர்ந்தன. ஒவ்வொரு இடத்திலும் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்களே தவிர, அது எப்படித் தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே தெளிவாக இருந்ததால், கடலைக்கும் இந்த இருமலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணமே அந்தச் சீட்டுகளிலிருந்து மறைந்துபோயிருந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தவள் அழக்கூட முடியாமல் மூச்சை இழுத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் சதை உள்வாங்கியது. 108-ஐ அழைத்தோம். வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் ஆக்சிஜன் வைத்து, அவளை என் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தே கொண்டுபோனார். படுக்க வைக்கவோ அழவிடவோ வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த இருமல் தொடங்குவதற்கு முன்னால் எப்போதாவது சாப்பிடும்போது புரையேறியதா?"

அன்று காலையிலேயே மயக்க மருந்து கொடுத்து, ப்ரான்கோஸ்கோபி (வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்ப்பது) செய்து, வலது நுரையீரலுக்குப் போகும் குழாயிலிருந்து ஊறிப் பருத்த பாதிக் கடலைப் பருப்பை வெளியே எடுத்தார்கள். அதைச் சுற்றிச் சதை வளரத் தொடங்கியிருந்தது, சீழும் கட்டியிருந்தது. அது இடம் பெயர்ந்து மேலே வந்ததால்தான் விடியற்காலையில் அப்படித் திணறியிருக்க வேண்டும் என்றார்கள். சில நாட்கள் நோய்த்தொற்றுக்கு ஊசி மருந்து போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

இங்கே மருத்துவர்கள் இருப்பதால் கேட்கிறேன். இதை முதல் நாளிலேயே கண்டுபிடித்திருக்க வழி உண்டா? பெற்றவர்கள் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

கொங்குநாட்டுத் தகப்பன்

படிக்கும்போதே கை நடுங்கியது, சகோதரி. குழந்தை தேறியதற்கு அந்த மாரியம்மனுக்கு நன்றி. எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நாணயத்தை விழுங்கினால் எக்ஸ்ரேயில் தெரிகிறது; கடலை ஏன் தெரியவில்லை? மூச்சுக்குழாயை ஒரு பொருள் அடைத்திருக்கும்போது குழந்தை எப்படி அத்தனை நாள் ஓடியாடி விளையாடியது?

காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

இரண்டு கேள்விகளுமே இந்த நோயின் மையத்தைத் தொடுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எக்ஸ்ரே கதிர்களை உலோகமும் எலும்பும் தடுத்து நிறுத்தும். கடலை, சுண்டல், புளியங்கொட்டை, சீதாப்பழ விதை போன்ற தாவரப் பொருட்கள் பெரும்பாலும் தடுக்காது. எனவே படத்தில் நாங்கள் பொருளைத் தேடுவதில்லை, அது நுரையீரலில் உண்டாக்கிய விளைவைத் தேடுகிறோம். குழாயைப் பாதி அடைத்த கடலை ஒருவழிக் கதவு போல இயங்கும்: மூச்சை உள்ளே இழுக்கும்போது குழாய் விரிவதால் காற்று நுழைந்துவிடும், வெளியே விடும்போது குழாய் சுருங்குவதால் அதே காற்று சிறைப்பட்டுவிடும். அதனால் அந்தப் பக்கத்து நுரையீரல் ஊதிப் படத்தில் கூடுதலாகக் கறுத்துத் தெரியும். ஆனால் இந்த வேறுபாடு மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுத்த படத்தில்தான் எடுப்பாகத் தெரியும். இரண்டு வயதுக் குழந்தையிடம் மூச்சை விட்டு நிறுத்தச் சொல்ல முடியாது. நிகழ்ந்து சில மணி நேரத்துக்குள் எடுக்கும் படம் முற்றிலும் இயல்பாக இருப்பது எங்களுக்குப் பழக்கமான காட்சிதான். தெளிவான எக்ஸ்ரே, உள்ளே எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து, குழந்தை விளையாடியது. மூச்சுப்பெருங்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரிகிறது. பொருள் குரல்வளையையோ பெருங்குழாயையோ முழுதாக அடைத்து நின்றுவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். அதைத் தாண்டி ஒரு கிளைக்குள் இறங்கிவிட்டால் மற்ற நுரையீரல் முழு வேலையையும் செய்யும். உள்ளே இருக்கும் நரம்பு முனைகளும் சற்று நேரத்தில் அந்தப் பொருளுக்குப் பழகி இருமலைத் தூண்டுவதை நிறுத்திவிடும். இந்த அமைதிக் காலம் சில மணி நேரமோ சில வாரங்களோ நீடிக்கலாம். பெரியவர்களுக்கு வலது கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் பொருள் போகும். சிறு குழந்தைகளுக்கு இரண்டு கிளைகளின் கோணமும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் இடப்பக்கத்திலும் நிறையவே காண்கிறோம். கடலையில் இன்னொரு கேடு உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது, அதன் எண்ணெய் குழாயின் உட்தோலைப் புண்ணாக்குகிறது. பிளாஸ்டிக் துண்டு ஒன்று மாதக்கணக்கில் பேசாமல் கிடக்கலாம், கடலை கிடக்காது.

முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. நன்றாக இருந்த குழந்தைக்கு, வாயில் ஏதோ இருந்தபோது, திடீரென்று புரையேறி இருமல் வந்தது என்ற அந்த ஒரு செய்தியே எக்ஸ்ரேயைவிட வலிய சான்று. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இளைப்பும், ஒரு பக்கம் குறைந்த மூச்சொலியும் சேர்ந்தால் சந்தேகம் மிகவும் வலுத்துவிடும். ஆனால் மூன்றும் ஒன்றாக எல்லாக் குழந்தைகளிடமும் இருப்பதில்லை. ஆகவே பெற்றோர் எந்த மருத்துவரிடம் போனாலும் புரையேறிய நிகழ்ச்சியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்; மருந்துச் சீட்டில் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். "மூச்சுக்குழாயில் பொருள் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டா?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இடையில் ஒரு செய்தி. 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்புத் துண்டை வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி எடுத்தார். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் செவாலியர் ஜாக்சன் குழந்தைகளுக்கு ஏற்ற கருவிகளைச் செய்து, தாம் எடுத்த 2000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பாதுகாத்து வைத்தார். அவை இன்றும் அந்நகரின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பு இப்படிச் சிக்கிய குழந்தைகளில் எத்தனையோ பேர் நிமோனியா என்ற பெயரில் இறந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

சேலத்து அப்பா

மாற்று அனுபவம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் மகனுக்கும் பொரிகடலை சாப்பிடும்போது இப்படித்தான் புரையேறியது. ஐயத்தின் பேரில் ப்ரான்கோஸ்கோபி செய்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முழு மயக்கம், பட்டினி, தொண்டையில் வீக்கம், அதற்குப் பிறகு ஓர் இரவு கண்காணிப்பு. அறுவை அரங்கின் கதவு மூடிய பிறகு என் மனைவி பட்ட பாட்டை நான் எழுத விரும்பவில்லை. இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு இருமலுக்கும் குழந்தையை அறுவை அரங்குக்கு அனுப்பும் நிலை வந்துவிடக் கூடாது.

காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. ஒவ்வோர் இருமலுக்கும் இது தேவையில்லை; திடீர்ப் புரையேற்றம் என்ற வரலாறு இருக்கும்போது மட்டுமே இந்தக் கேள்வி எழுகிறது. இப்போது சில மையங்களில், குழந்தைக்கு மூச்சுத் திணறல் இல்லாமல் ஐயம் மட்டும் இருக்கும்போது, முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அது தெளிவாக இருந்தால் ப்ரான்கோஸ்கோபியைத் தவிர்க்கிறார்கள். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆயினும், ஒன்றும் இல்லாத சில குழாய்களைப் பார்க்க நேர்வதை எங்கள் துறை உலகம் முழுவதும் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறது. ஏனென்றால் விட்டுப்போன ஒரு கடலை நிமோனியாவிலும் நுரையீரலின் ஒரு பகுதி நிரந்தரமாகச் சிதைவதிலும் போய் முடியலாம். உங்கள் மகனுக்குச் செய்ததை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலுதவிப் பயிற்றுநர்

நான் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் முதலுதவி கற்பிக்கிறேன். புரையேறிய அந்த முதல் நிமிடத்தில் என்ன செய்வது என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், பேசினால் காற்று போய்வருகிறது என்று பொருள். அப்போது நாம் எதையும் செய்யக் கூடாது. இருமலைவிட வலிய மருந்து நம் கையில் இல்லை. உச்சந்தலையில் தட்டுவது, தண்ணீர் புகட்டுவது, சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்துக் கீழே தள்ளப் பார்ப்பது ஆகியவற்றால் மூச்சுக்குழாயில் இருக்கும் பொருளுக்கு எந்த நன்மையும் இல்லை; வாயில் கூடுதலாக ஒன்றைத் திணிப்பதுதான் மிச்சம். பார்க்காமலேயே தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனென்றால் பாதியில் நிற்கும் பொருளை அது இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்குவதையும் கிராமங்களில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இருமலில் சத்தம் இல்லாமல் போனால், அழ முடியாமல் போனால், உதடு நீலமானால் அப்போது ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்தமாக அடியுங்கள். வெளியே வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நடு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும் வரை அல்லது குழந்தை நினைவிழக்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு முதுகில் ஐந்து அடி. பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலும் மார்பெலும்புக்குக் கீழுமாகக் கையை முட்டியாக மடக்கி வைத்து, மற்றக் கையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். இந்த வயிற்று அழுத்தத்தை 1974-இல் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது, கல்லீரல் காயப்படலாம். நினைவிழந்துவிட்டால் தரையில் கிடத்திச் செயற்கைச் சுவாசத்தோடு மார்பழுத்தத்தைத் தொடங்குங்கள். வாயைத் திறந்து பார்க்கும்போது பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

எழுத்தில் படிப்பது போதாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் பயிற்சி தருகின்றன. பொம்மையின் முதுகில் ஒருமுறை அடித்துப் பார்த்தவரின் கை, தன் குழந்தைக்கு நேரும்போது தயங்காது.

கும்பகோணத்துப் பாட்டி

நான் இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பவள். இந்தத் தாய் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது: யாரோ வாயில் இரண்டு பருப்பைப் போட்டிருக்கிறார்கள் என்பது. அந்த "யாரோ" ஐந்தாறு வயதுப் பிள்ளையாகத்தான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் இதேபோல் ஒரு குழந்தைக்குக் கொட்டைப்பாக்குத் துண்டு சிக்கியபோது, அதைக் கீழே போட்டது யார் என்று கேட்டுக் கேட்டே இரண்டு வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்திருந்த என் நாத்தனார் கடைசி வரை அந்தக் குழந்தையைத் தொட்டுத் தூக்கவே இல்லை. குழந்தை பிழைத்துவிட்டது, உறவுதான் பிழைக்கவில்லை. அம்மா, உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் யாரும் கடிந்து பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துத் தந்தை

அக்கா, உங்கள் பதிவை நேற்றிரவு வாசித்துவிட்டு மனைவியையும் எழுப்பி வாசிக்கச் செய்தேன். எங்கள் ஊரில் கோயில் திருவிழா என்றால் வீதி நெடுகக் கச்சான் (வேர்க்கடலை) கடைகள்தான். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டுக் கச்சான் வாங்காமல் வீடு திரும்பும் குடும்பம் இல்லை. சனநெரிசலில் தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளையின் கையிலும் நாலு கச்சான் இருக்கும். தோளில் இருக்கும் பிள்ளைக்குப் புரையேறினால் தகப்பனுக்கு முகம்கூடத் தெரியாது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

திண்டிவனத்துத் தாய்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா, முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று நீங்கள் எழுதியதை என் தங்கைக்கும் அண்ணிக்கும் அனுப்பிவிட்டேன். சேலத்து அண்ணா, அந்தக் கதவு மூடியதை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னபோது உங்கள் மனைவிக்குக் கிடைத்த நிம்மதிக்காக, அன்று காலை நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். உங்கள் கோபத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தோம் என்பதற்காக எழுதுகிறேன்.

பாட்டி அவர்களுக்கு: நீங்கள் சொன்னது சரிதான், அது என் அண்ணன் மகன், ஆறு வயது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் என் அம்மாவே அவனைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்தி, தங்கச்சிக்குப் பல் முளைத்து முடியும் வரை கொட்டை எதுவும் கொடுக்கக் கூடாது, அவள் வாயில் எதைப் பார்த்தாலும் பெரியவர்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று பொறுப்பை அவனிடமே ஒப்படைத்துவிட்டார். இப்போது வீட்டில் எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பான காவல்காரன் அவன்தான். ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. கடலையே கண்ணில் படக்கூடாது என்று என் கணவர் சொல்கிறார். அது நல்ல சத்துணவு, சட்னியாகவாவது கொடு என்று மாமியார் சொல்கிறார். எந்த வயது வரை, எந்த வடிவில் தவிர்க்க வேண்டும்?

காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

ஆபத்து கடலையின் சத்தில் இல்லை, அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. குழந்தைக்கு முன்பற்கள் முதலில் முளைப்பதால் கடித்துத் துண்டாக்க முடியும். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுமையாக வர ஏறத்தாழ இரண்டரை வயது ஆகிவிடும். கடித்த துண்டு வழுக்கிக்கொண்டு பின்னால் போவது அதனால்தான். முழுக் கடலை, முந்திரி, பாதாம், பொரிகடலை, சுண்டல் ஆகியவற்றை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம். நன்றாக மைய அரைத்த கடலைச் சட்னியும், சலித்த கடலைப் பொடியைக் கஞ்சியில் கரைத்துத் தருவதும் தாராளமாக ஆகலாம். ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு அவை நல்ல உணவு. கடலை மிட்டாயும் கடலை உருண்டையும் வேண்டாம், பாகில் ஒட்டியிருக்கும் பருப்பு உடையும்போது முழுதாகத்தான் வாய்க்குள் விழும். வெண்பொங்கலிலும் பாயசத்திலும் போடும் முந்திரியையும், பொங்கலில் கிடக்கும் முழு மிளகையும் குழந்தையின் தட்டிலிருந்து பொறுக்கிவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடும்போதும் அழும்போதும் சிரிக்கும்போதும் ஊட்ட வேண்டாம், நிலா காட்டி இடுப்பில் வைத்து ஊட்டும்போது அது சிரித்தால் விழுங்கும் வரை பொறுத்திருங்கள்.

குழந்தைக்கு மீண்டும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்களா என்று எழுதவில்லையே. சீழ் கட்டியிருந்த பக்கம் முழுதாக விரிந்துவிட்டதா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பாதிப் பருப்புதான் வெளியே வந்தது என்கிறீர்கள். மற்றப் பாதியை அவள் அன்றே விழுங்கியிருக்கலாம், ஆனால் இருமலோ இளைப்போ திரும்ப வந்தால் அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல், அறுவைச் சீட்டோடு அதே மருத்துவமனைக்குப் போங்கள்.

திண்டிவனத்துத் தாய்

எடுத்தார்கள், ஐயா. வீட்டுக்கு அனுப்பும் முன்பு ஒரு படமும், பிறகு மறுபரிசோதனைக்குப் போனபோது ஒரு படமும் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக விரிந்திருப்பதாகச் சொன்னார்கள். அறுவைச் சீட்டின் நகலை அவளுடைய தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.